ஐம்பது ஹெர்ட்ஸ்

ரெனாட்டோ செபுவுக்குப் போய்விட்டான்.
ஜுஃபைரில் அவன் வாசித்த மேடையில்
இப்போது ஷவர்மா அடுப்பு.
கிட்டாருக்கு நூற்றிருபது தினார், மூன்று தவணை.
கூடவே துணியில் சுற்றிய இரண்டு பிக்கப்:
ஒன்று ஒற்றைச் சுருள், மற்றது இரட்டை.
"எது பொருந்துதோ அதை வை, மத்ததை வித்துடு."
பொருந்துவது என்றால் என்னவென்று சொல்லவில்லை.

வேனின் முன்தட்டில் கிடந்ததை எடுத்து
மீட்டர் வைத்தேன்.
அட்டையில் பதினேழரை ஆயிரம் ஓம்,
முள் இருபதைத் தொட்டது.
செம்பு சூட்டில் முரண்டு பிடிக்கும்.
ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் சூப்பர்வைசரும் அப்படித்தான்.
ராத்திரி குதைபியா அறையில் ஏசிக்குக் கீழே வைத்ததும்
பேசாமல் பழைய கணக்குக்கு இறங்கிவந்தது.

கட்டிலில் கவிழ்த்துப் போட்டேன்.
பத்துக் கம்பி, மூன்று மிதி, முழங்காலுக்கு நான்கு தண்டு.
அடிவயிற்றில் கொக்கியும் கம்பிக்கோலும்
திறந்துபோட்ட பம்ப் போல.
நான் சில்லர் மெக்கானிக்.
திறந்த எதையும் மூடத் தெரியும்,
உள்ளே இருந்தது என்ன பேசும் என்பதுதான் தெரியாது.

காந்தத்துக்கும் கம்பிக்கும் நடுவே
இரண்டு நாணயக் கனம் இடைவெளி வேண்டும்.
ஐம்பது ஃபில்ஸ் ஒன்று நுழைந்தது, வெளியே வந்தது.
இன்னொன்றுக்குப் பர்ஸைத் துழாவினால் ஊர் ரெண்டு ரூபாய்.
வைத்த நொடி டக்கென்று கவ்விக்கொண்டது.
நகம் பிய்ய நெம்பி எடுத்தேன்.
அட்டையின் பின்னால் எழுதிவைத்தேன்:
இந்தியக் காசு ஆகாது.

முதலில் ஒற்றைச் சுருள்.
ஆம்ப்பைத் தட்டியதும்
கம்பி பேசுமுன் சுவர் பேசியது.
ஃபிரிட்ஜ், சார்ஜர், டியூப்லைட்,
கீழ்வீட்டு வாஷிங்மெஷின், லிஃப்ட்
எல்லாம் சேர்ந்து ஒரே முனகல்.
ட்யூனரைக் காட்டினேன். ஜி என்றது,
கொஞ்சம் ஏறின ஜி.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கரண்ட் அறுபது.
லாரி ஓட்டும் செய்யதிடம் சொல்லி
கோபாரில் டீக்கடை ஃபிரிட்ஜைப் பதிந்துவரச் சொன்னேன்.
சிரிக்காமல் பதிந்துவந்தான்.
அங்கத்திய முனகல் எந்தச் சுரத்திலும் உட்காரவில்லை.
இரண்டுக்கும் நடுவே நின்றது,
முத்திரைக்காக வரிசையில் நிற்பவன் மாதிரி.

பிறகு இரட்டைச் சுருள்.
எதிரெதிராய்ச் சுற்றியது.
சுவர் சொல்வதை ஒன்று கூட்டினால் மற்றது கழித்துவிடும்.
தட்டினேன்.
ஒன்றுமில்லை. கழுவிவிட்டாற்போல் ஒன்றுமில்லை.
தூங்கிக்கொண்டிருந்த செய்யது துள்ளி எழுந்தான்:
"ஏசி நின்னுபோச்சா?"
ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
என் கையும் ஸ்பானரை எடுத்துவிட்டிருந்தது.
பதினொரு வருஷமாய் எனக்கு
சத்தமில்லை என்றால் புகார்.
எங்கோ ஒரு மாடியில் யாருக்கோ வியர்க்கிறது,
போன் அடிக்கப் போகிறது.

வீடியோவில் ரெனாட்டோவுக்கு வாசித்துக் காட்டினேன்.
"கை நகருது, சத்தம் வரலை."
நீட்டிப் பிடித்த சுரத்தை
மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து
போனே துடைத்துவிடுகிறது.
மிதியை அழுத்தி வளைக்கிற இடம் மட்டும்
கடல் தாண்டிப் போயிருக்கிறது.
"அது கேட்டுச்சு," என்றான்.
"எந்தப் பிக்கப்?"
கண்டுபிடி என்றேன்.
இரண்டாம் தவணையைப் பற்றிக் கேட்டான்.

ஒற்றைச் சுருளையே மறுபடி பூட்டினேன்.
சுவரை இறக்க முடியாது,
கம்பியை ஏற்றலாம்.
அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு,
ஒவ்வொன்றாய், சுவரின் ஜி-யோடு ஒட்டும்வரை.
இனி வேறு எவரோடும் சேர்ந்து வாசிக்க முடியாது,
பஹ்ரைன் மின்சாரத்தைத் தவிர.

ஏழு கம்பி ஏறியது. எட்டு. ஒன்பது.
கடைசிக்கு விட்டுவைத்த மூன்றாவது,
இருப்பதிலேயே மெல்லியது,
சாவியைப் பாதி திருப்பும்போதே அறுந்து
கன்னத்தில் அடித்தது.
செய்யது மறுபடி எழுந்து உட்கார்ந்தான்.
இந்தத் தடவை ஏசியைக் கேட்கவில்லை.